பட்டாளத்தார் சட்டை

ராசிங்காபுரத்தில் ராக்கையா வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். பட்டாளத்தார் வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையை நீட்டிக் காட்டிவிடும். மேற்கே மலையைப் பார்த்த தெருவில் கடைசிக்கு முந்தின வீடு. போன ஆனி மாதம் பட்டாளத்தார் இறந்துபோனார். இப்போது அந்த வீட்டில் அவர் மனைவி மகாராணி மட்டும் இருக்கிறாள்.

பெயருக்கும் அவளுக்கும் ஒட்டே கிடையாது. நாலு பேர் நிற்கிற இடத்துக்குப் போகக் கூசுவாள். மளிகைக் கடைக்குப் போனால், வந்தவர்கள் எல்லாரும் வாங்கிப் போகட்டும் என்று ஓரமாக நின்று கடைசியில்தான் வாயைத் திறப்பாள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வாய்தான் பேசாதே தவிர கண் சும்மா இருக்காது. யார் யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள், யார் வீட்டுப் பெண் அழுத கண்ணோடு தண்ணீர் பிடிக்க வந்தாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததை யாரிடமும் சொல்ல மாட்டாள். போடியில் ஹபீப் ரஹ்மானின் சரக்குக் கிட்டங்கியில் ஏலக்காய் பொறுக்குகிற வேலை அவளுக்கு அதனாலேயே பிடித்திருந்தது. குனிந்த தலை நிமிராமல் பச்சைக் காயைத் தனியாக, வெடித்ததைத் தனியாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் பொழுது போய்விடும். யாரும் பேசு என்று வற்புறுத்த மாட்டார்கள்.

ராக்கையா அப்படி இல்லை. கலகலப்பான மனுஷன். கல்யாணம் முடிந்து லீவு தீர்ந்து போனவர், அடுத்த வருஷமே கார்கிலில் அடிபட்டார். பக்கத்தில் விழுந்து வெடித்த குண்டின் துண்டு ஒன்று இடது காதுக்கு மேலே மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. எடுத்தால் ஆபத்து, இருந்துவிட்டுப் போகட்டும் என்று டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் பென்ஷனோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காதுக்கு மேலே அந்தத் தழும்பில் மட்டும் முடி முளைக்காது. கேட்பவர்களிடம், அங்கே பனியில் முடிவெட்டுகிறவன் கை நடுங்கிவிட்டது என்று சொல்லிச் சிரிப்பார்.

பட்டாளத்துப் பழக்கம் அவரை விட்டுப் போகவே இல்லை. படுக்கையை மூலை பிசகாமல் மடித்து வைப்பார். சட்டையைத் தானே துவைத்துத் தானே தேய்த்துப் போடுவார், மகாராணியைத் தொடவிட மாட்டார். சட்டைக் கையில் விழுகிற மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். தண்ணி மட்டும் தொட மாட்டார். பட்டாளத்தில் கொடுக்கிற ரம்மைக் கூட்டாளிகளுக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் பங்குப் பால் டின்னை வாங்கிக்கொள்வாராம். ஊருக்கு வந்தபிறகும் மிலிட்டரி கேன்டீனில் கிடைக்கிற கோட்டா பாட்டிலை வாங்கி வந்து பங்காளிகளுக்குக் கொடுத்துவிடுவார். கோட்டா வருகிற வாரம் அவர் வீட்டுப் பக்கம் மச்சான், மாப்ளே என்று உறவு கொண்டாடி வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். அதனாலேயே ஊருக்கு ஒரு நினைப்பு. இத்தனை பாட்டில் வாங்குகிறவன் ஒன்றையாவது உடைக்காமலா இருப்பான்?

போடிமெட்டைத் தாண்டி ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் ராக்கையாவுக்குக் காவல் வேலை கிடைத்தது. அப்போது மகாராணி கிட்டங்கிக்குப் போகத் தொடங்கவில்லை. அவளும் அதே எஸ்டேட்டுக்குக் காய் எடுக்கப் போனாள். ஊரிலிருந்து தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற கன்னையன் ஜீப்பில் இருட்டோடு ஏறி, இருட்டோடு இறங்குவார்கள். வடக்கிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளிடம் ராக்கையா இந்தியில் பேசுவார், கேரளத்து சூப்பர்வைசரிடம் மலையாளத்தில் பேசுவார், எல்லாருக்கும் நடுவில் சோலி தடங்காமல் ஓடும். மகள் சுசித்ரா ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். மகாராணிக்கு வாழ்க்கையில் குறை என்று நினைக்க ஒன்றும் இல்லாத காலம் அது.

ஒரு நாள் மத்தியானம். ஏலத்தட்டைகள் ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்து மூடிய சரிவில் பெண்கள் குத்தவைத்துக் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே தட்டைகள் சடசடவென்று முறிகிற சத்தம் கேட்டது. பன்றி என்று எல்லாரும் எழுந்தார்கள். மகாராணிதான் முதலில் பார்த்தாள். ராக்கையா மல்லாந்து கிடந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. பக்கத்து நிரையில் நின்ற ஒருத்தி அரிவாளைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் திணித்தாள்.

சத்தம் கேட்டு சூப்பர்வைசர் இறங்கி வந்தபோது இழுப்பு நின்றிருந்தது. ராக்கையா உட்கார்ந்திருந்தார். கண் சொருகி, நாக்குக் குழறி, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தார்.

"எந்தா, சுழலிதீனமாணோ?" என்று கேட்டான் சூப்பர்வைசர்.

மலையாளத்தில் அது வலிப்புக்குப் பெயர் என்று மகாராணிக்குத் தெரியும். அந்த ஒரு நொடியில் அவள் மனசில் ஓடியது அவளுடைய அத்தை வீடு. அத்தை மகனுக்கு வலிப்பு. அவனுக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள், மூக்கும் முழியுமாக இருப்பாள். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனதை மகாராணி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். வலிப்பு ரத்தத்தில் வரும், பிறக்கிற பிள்ளைக்கும் வரும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பெண்ணுக்குக் கடைசி வரைக்கும் கல்யாணம் ஆகவில்லை.

"இல்ல சார். நேத்து ராத்திரி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள் மகாராணி.

சூப்பர்வைசர் முகம் தெளிந்தது. "பட்டாளக்காரனல்லே" என்று சிரித்துக்கொண்டே மேலே ஏறிப் போய்விட்டான். அரிவாள் கொடுத்தவளுக்கு மட்டும் சந்தேகம். ஆனால் பெண்டாட்டியே சொல்லும்போது அவள் என்ன பேச முடியும்? குடிகாரனை எஸ்டேட்டில் வைத்துக்கொள்வார்கள். வலிப்புக்காரனை அன்றைக்கே இறக்கிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு ராக்கையா கேட்டார், ஏன் எல்லாரும் தன்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார்கள் என்று. மகாராணி நடந்ததைச் சொன்னாள். அவர் ரொம்ப நேரம் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"பாப்பாவுக்காகத்தான?" என்றார்.

அவள் தலையாட்டினாள்.

"அப்பச் சரி" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

மதுரைக்குப் போய்க் காட்டினார்கள். உள்ளே இருக்கிற இரும்புதான் காரணம், மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார் டாக்டர். மாத்திரை வாங்கப் போகிற நாளை ஊரில் கேன்டீனுக்குப் போகிற நாள் என்று சொல்லிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது பையில் மேலே பாட்டில் இருக்கும், அடியில் மாத்திரை இருக்கும். மேலே இருப்பதைத்தான் ஊர் பார்க்கும்.

மாத்திரை சாப்பிட்டும் எப்போதாவது வந்துவிடும். கோயில் பொங்கலன்று அப்படித்தான், பந்தலுக்குப் பின்னால் விழுந்துவிட்டார். மகாராணி ஓடுவதற்குள் இழுப்பு நின்றுவிட்டது. குழறிக்கொண்டு எழுந்தவரைக் கைத்தாங்கலாகப் பிடித்த பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் மூக்கைச் சுருக்கி, "என்னத்தா, வாசமே காணோம்?" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் மகாராணி அன்றிரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கிடந்தாள்.

அதற்கு அடுத்த தடவை, வாசலில் விழுந்தவரை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, அவள் அலமாரியைத் திறந்தாள். பங்காளிக்கு என்று வைத்திருந்த பாட்டிலில் ஒரு மூடி ரம்மை எடுத்து அவர் சட்டையில், நெஞ்சுக்கு நேரே ஊற்றினாள். எட்டிப் பார்க்க வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள்.

அப்படியே அது வழக்கமாகிவிட்டது.

தெளிந்து எழுந்ததும் ராக்கையா முதலில் குனிந்து தன் சட்டையைத்தான் முகர்வார். கழற்றிக் கொண்டுபோய் வாளியில் ஊறவைப்பார். ஒரு தடவை மட்டும் சட்டையைக் கசக்கிக்கொண்டே, "ராணி, வேற என்னத்தையாச்சும் ஊத்தக் கூடாதா? இந்த நாத்தம் எனக்கு ஒத்துக்கிட மாட்டேங்குதே" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். மகாராணியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் போனபிறகு அவளுக்கு எது நினைவுக்கு வந்தாலும் தாங்கிக்கொள்கிறாள், அந்தச் சிரிப்பு மட்டும் நினைவுக்கு வந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து போய்விடுகிறாள்.

ஊர் அவரை வெறுத்துவிடவில்லை. குடிகாரர்களுக்கு ஊரில் ஒரு இடம் உண்டு, அங்கே அவரைக் கொண்டுபோய் வைத்தார்கள். முன்பெல்லாம் சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளுக்கு முன்னால் தள்ளாடிவிட்டால் என்ன செய்வது என்று பயம். அந்த நாளில் ராக்கையா விடிகாலையிலேயே குளித்துத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மைக்கில் பாட்டுக் கேட்கும். பாட்டு முடிகிற வரைக்கும் எழுந்து நிற்பார். பிறகு சட்டையைக் கழற்றித் துணிக்கொடியில் போட்டுவிட்டுக் கைலியோடு வெளியே வருவார். மகாராணி அடுப்படியில் வேலை இருப்பது போல நின்றுகொள்வாள்.

ஒரு தடவை சுசித்ரா பள்ளிக்கூடத்திலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்தாள். ஒன்பதாம் வகுப்பு அப்போது. கூடப் படிக்கிற ஒருத்தி கிண்டல் பண்ணினாளாம். எங்கப்பா குடிக்க மாட்டார், அவருக்கு வேற சீக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றாள். மகாராணி கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிள்ளையை அதற்கு முன்னும் பின்னும் அவள் அடித்ததில்லை. ராக்கையா அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார். மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, நாளைக்குப் போய், நான் சும்மா சொன்னேன், எங்கப்பா குடிப்பார்தான் என்று சொல்லிவிடு என்றார். மகளும் போய்ச் சொன்னாள்.

தேவாரத்திலிருந்து சுசித்ராவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அம்மா மாயக்காள் விசாரிக்காமல் இல்லை. அப்பா தண்ணியடிப்பாராமே என்றாள். பட்டாளத்தில் பழகியது என்று மகாராணி சொன்னாள். அது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே என்று மாயக்காள் வெற்றிலையை எடுத்துக்கொண்டாள். கல்யாணத்தன்று ராக்கையா மண்டபத்தில் ஒரு தூணோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் தாலி கட்டுகிறபோது மட்டும் எழுந்தார். ஒன்றும் ஆகவில்லை. எந்த நோக்கத்துக்காக இத்தனை காலம் அவர் பெயரைக் கெடுத்தார்களோ அது நல்லபடியாக நிறைவேறிவிட்டது.

அதற்குப் பிறகு ராக்கையா எஸ்டேட் வேலையை விட்டு வீட்டோடு இருந்தார், மகாராணி கிட்டங்கிக்குப் போனாள். ஒரு வருஷம் ஆகியும் பாட்டில் அலமாரியில்தான் இருந்தது.

அந்த ஆனி மாதக் காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வந்த நேரம். தெரு நிறைய ஆள். ராக்கையா வாசல்படியில் விழுந்தார். மகாராணி உள்ளே இழுத்துப் போட்டாள். கை தானாக அலமாரிக்குப் போனது. ஒரு மூடி எடுத்து ஊற்றினாள். அவர் மெல்லத் தெளிந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவளுக்குக் கிட்டங்கிக்கு நேரமாகிவிட்டது. சோற்றை மூடி வைத்திருக்கிறேன், மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ்சுக்கு ஓடினாள். அவர் தலையாட்டினார். புரிந்து ஆட்டினாரா என்று அவள் நின்று பார்க்கவில்லை.

அவர் படுக்கவில்லை. அந்தச் சட்டையோடேயே எழுந்து மெயின் ரோட்டுக்கு நடந்திருக்கிறார். முதல் இழுப்பின் மயக்கம் போகாமல் எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்திருக்க வேண்டும். ரோட்டில், அன்றைக்குத் தாமதமாக வந்த கன்னையன் ஜீப்பில் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஜீப்புக்கு முன்னால் போய் விழுந்தார். கன்னையன் இறங்கி அவரைத் தோளில் தூக்கினான். எத்தனையோ தடவை அவரை அப்படித் தூக்கி ஜீப்பில் போட்டு வீட்டில் இறக்கிவிட்டவன் அவன். அன்றைக்கு லோடு நிறைந்துவிட்டது, நேரமும் ஆகிவிட்டது. பஸ் நிறுத்தத்து நிழற்குடையில் படுக்கவைத்து, சாக்கை மடித்துத் தலைக்கு வைத்து, தெளிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனான். டீக்கடைக்காரர் தெளியட்டும் என்று ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றினார். சட்டையில் இருந்த வாடை அதோடு போய்விட்டது. இழுப்பு விட்டு விட்டு வந்துகொண்டே இருந்திருக்கிறது. போதையில் உதறுகிறது என்று நினைத்தார்கள். வெயில் ஏறியபிறகு ஒருவர் தொட்டுப் பார்த்தார். உடம்பு சில்லிட்டிருந்தது.

ரோட்டில் கிடந்து இறந்தவர் என்பதால் அறுத்துப் பார்க்க வேண்டும் என்று போலீஸ் சொன்னது. அரசு மருத்துவமனையில் டாக்டர் வெளியே வந்து, முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துப் பால்ராஜிடம் எல்லாவற்றையும் சொன்னார். வயிற்றில் ஒரு சொட்டுச் சாராயம் கிடையாது. மண்டைக்குள் பழைய இரும்புத் துண்டு இருக்கிறது. அதனால் வந்த வலிப்பு நிற்காமல் வந்து உயிரைக் கொண்டுபோயிருக்கிறது. நேரத்தோடு தூக்கி வந்திருந்தால் பிழைத்திருக்கலாம்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பட்டாளத்தார் மேல் தேசியக் கொடியைப் போர்த்தி, பால்ராஜ் மலர் வளையம் வைத்து சல்யூட் அடித்தார். ஆண்கள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். குடிகாரர் என்று நினைத்துவிட்டோமே என்று மகாராணி கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியும் அழுதாள். அவள் கையை உருவிக்கொள்ளவும் முடியாமல், கொடுத்துவிட்டு இருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

தேவாரத்திலிருந்து வந்த மாயக்காள் அவளைக் கட்டிப்பிடித்து அழுது முடித்து, காதோரமாகக் கேட்டாள்.

"குண்டடி பட்டவருக்கு வலிப்பு வராம என்ன செய்யும் சம்பந்தி? இதச் சொல்லியிருந்தா பொண்ணு வேணாம்னா போயிருப்போம்?"

இப்போது சொல்வது எளிது என்று மகாராணிக்குத் தோன்றியது. போயிருக்க மாட்டார்களோ என்றும் தோன்றியது. அந்த இரண்டாவது நினைப்பு அன்றிலிருந்து அவளைத் தூங்கவிடவில்லை.

ஊருக்கு அழுது முடித்தபிறகு ஆத்திரம் வந்தது. அது மொத்தமும் கன்னையன் மேல் திரும்பியது. சாராய வாடை அடித்தது, அதனால்தான் போதை என்று நினைத்தேன் என்று அவன் சொன்னான். அறுத்துப் பார்த்த டாக்டரே இல்லை என்கிறார், இவன் வாடை என்கிறான் என்று சிரித்தார்கள். நேரமாகிவிட்டது என்று போட்டுவிட்டுப் போனவன் செத்தவர் மேலேயே பழி போடுகிறான் என்றார்கள். அன்றைக்கு ஜீப்பில் உட்கார்ந்திருந்த பெண்களும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று நாங்கள் சொன்னோம், அவன்தான் கேட்கவில்லை என்றார்கள். பாண்டியம்மாள்தான் அதை உரக்கச் சொன்னாள். மறுநாளிலிருந்து அவன் ஜீப்பில் யாரும் ஏறவில்லை. இன்னொரு டிரைவர் திருப்பதியின் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். கன்னையன் மட்டும் வழக்கமான நேரத்துக்கு வந்து நின்றுவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பிப் போவான். குழாயடியில் அவன் மனைவி குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் கன்னையன் மகாராணி வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"மதினி, ஊரு என்ன வேணா சொல்லட்டும். அண்ணன் சட்டையில வாசம் அடிச்சது நெசம். எம்புள்ள மேல சத்தியம். நீங்களாச்சும் நம்புறீகளா?"

மகாராணி உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுச் சொம்பைப் படியில் வைத்துவிட்டுப் போனான். நம்புகிறேன் என்று சொல்ல நினைத்தாள். வாயைத் திறந்தால் அதற்குப் பின்னால் மற்றதும் வந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் பெரிதாக ஏற்பாடு செய்தார்கள். வாசலில் ஃப்ளெக்ஸ். சீருடையில் இளவயசு ராக்கையா. மகாராணியை மேடையில் உட்காரவைத்தார்கள். அவள் வர மாட்டேன் என்றதைக் கூச்சம் என்று நினைத்துக் கையைப் பிடித்து ஏற்றினார்கள். பால்ராஜ் பேசினார். போர் முடிந்து இத்தனை வருஷம் கழித்து அந்த இரும்பு அவரைக் கொன்றது என்றார். பிறகு குரலை உயர்த்தி, "இரும்பு மட்டும் கொல்லல. அவரைக் குடிகாரன்னு சொன்ன வாய் கொன்னுச்சு" என்றார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. கடைசியில் வேப்பமரத்தடியில் நின்றிருந்த கன்னையன் யாரையும் பார்க்காமல் நின்றான். அவன் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனாள். அந்த நேரத்தில்தான் மகாராணிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டினார்கள். பொன்னாடை தோளில் சரிந்தபோது அதைப் பிடித்துக்கொள்ளக்கூட அவள் கை எழவில்லை.

வீட்டுக்கு வந்ததும், பிரசவத்துக்கு வந்திருந்த சுசித்ரா கைப்பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு அம்மாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"கன்னையன் சித்தப்பா பொய் சொல்ற ஆளாம்மா?"

மகாராணி பொன்னாடையைக் கழற்றி மடிக்கத் தொடங்கினாள்.

"அன்னைக்குக் காலைல ஊத்துனியா?"

மகாராணி மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"ஊத்துனியான்னு கேக்குறேன்."

மகாராணி தலையைக் குனிந்துகொண்டாள். மகள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஊரில் போய்ச் சொல்லிவிடு என்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தொட்டிலை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். ஊரே திட்டுவதைவிட அது பெரிதாக இருந்தது.

மறுநாள் காலையில் மகாராணி பஸ் வருகிற நேரத்துக்கு முன்னதாகவே ரோட்டுக்குப் போனாள். ஜீப்புகள் நின்றிருந்தன. திருப்பதியின் ஜீப்பில் பெண்கள் தூக்குவாளியும் சாக்குமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் கன்னையன் தன் வெறும் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இத்தனை பேருக்கு நடுவில் அவள் வாழ்நாளில் பேசியதில்லை. எங்கே நின்று பேசுவது என்றுகூடத் தெரியவில்லை. இரண்டு ஜீப்புக்கும் நடுவில் போய் நின்றாள்.

"கன்னையன் பொய் சொல்லல" என்றாள்.

யார் காதிலும் விழவில்லை. பாண்டியம்மாள்தான் முதலில் பார்த்தாள். "என்னத்தா மகாராணி, பஸ்சுக்கா?" என்றாள்.

"கன்னையன் பொய் சொல்லல. அவரு சட்டையில வாசம் இருந்துச்சு. ஊத்துனது நான்."

இப்போது எல்லாரும் திரும்பினார்கள். எஞ்சினை ஓடவிட்டிருந்த திருப்பதி நிறுத்தினான். அவள் கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள். எஸ்டேட்டில் முதல் தடவை விழுந்தது, சூப்பர்வைசரிடம் சொன்ன பொய், கோயில் பொங்கலன்று கேட்ட கேள்வி, அலமாரி, மூடி. எல்லாவற்றையும் முன்பின்னாகச் சொன்னாள். அவர் ஒரு நாள்கூடக் குடித்ததில்லை என்று சொல்லும்போது மட்டும் நிமிர்ந்தாள். மறுபடியும் குனிந்துகொண்டாள்.

ஜீப்பின் பின்படியில் ஒரு காலை வைத்திருந்த பாண்டியம்மாள் காலை இறக்கினாள்.

"ஏத்தா, கட்டுன புருசன் பேரக் கெடுக்க எப்பிடித்தா மனசு வந்துச்சு?"

"வலிப்புன்னு தெரிஞ்சா எம்புள்ளையை யாரு கட்டுவா?"

பெண்களில் வயசுக்கு வந்த மகளை வைத்திருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். பாண்டியம்மாளுக்கு மட்டும் ஒரு கணக்கு இடித்தது. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

"அன்னைக்குச் சுசித்ராவக் கட்டிக் குடுத்து ஒரு வருசம் ஆச்சேத்தா. அன்னைக்கு எதுக்கு ஊத்துன?"

அந்தக் கேள்வியை மகாராணி எத்தனையோ நாளாகத் தன்னிடமே கேட்டிருக்கிறாள். தெருவில் ஆள் இருந்தது என்பாள். மகள் நிறைமாசமாக இருந்தாள், சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பாள். எதுவும் நிற்காது.

"கை பழகிப்போச்சு" என்றாள்.

பாண்டியம்மாள் திருப்பதி ஜீப்பிலிருந்து தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போய்க் கன்னையன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். அவனிடம் ஒரு சொல்லும் பேசவில்லை, அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் ஏறினார்கள். சிலர் ஏறவில்லை.

கன்னையன் கையில் துடைத்த துணியோடு மகாராணி பக்கத்தில் வந்தான். திட்டுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"தோள்ல போட்டப்ப உடம்பு வெட்டுச்சு மதினி. குடிச்சவன் உடம்பு இப்பிடி வெட்டாதேன்னு ஒரு நிமிசம் தோணுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவமான்னுகூட நெனச்சேன். அந்த வாசம் மூக்குல ஏறவும் நெனப்பு போயிருச்சு."

சொல்லிவிட்டு அவன் துணியை உதறிச் சீட்டுக்கு அடியில் போட்டான். வண்டியைக் கிளப்பினான். ஜீப் மலைப் பக்கம் திரும்பிப் போனது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களில் யாரும் அவளைப் பார்த்துக் கையசைக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

போடி பஸ் வந்தது. காலை நேரம், பாதி சீட்டு காலியாகக் கிடந்தது. மகாராணி ஏறினாள். கம்பியைப் பிடித்தபடி கிட்டங்கி நிறுத்தம் வரைக்கும் நின்றுகொண்டே போனாள்.